கல் வீடு மழையைக் குடிக்கும்: இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகள், ஓர் எளிய அறிமுகம்

இங்கிலாந்தின் கிராமப்புறக் கல் வீடுகளைப் பற்றி யூடியூபிலும் பயணக் கட்டுரைகளிலும் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். முழுக்கக் கல்லால் கட்டியது, அதனால் மழை உள்ளே போகாது. சுவர் இரண்டடி கனம், அதனால் குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும். கதவுக்கு மேல் ஓர் ஆண்டைச் செதுக்கியிருக்கிறார்கள், அதனால் அந்த ஆண்டில்தான் கட்டியிருப்பார்கள். மூன்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதிலும் முதலாவதை நம்பிப் பழுதுபார்க்கப் போய், நூற்றாண்டுகளாக நன்றாக நின்ற சுவர்களைச் சில பத்தாண்டுகளில் கெடுத்தவர்கள் ஏராளம்.

இந்த வீடுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். கட்டடக்கலை படித்திருக்கத் தேவையில்லை. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே வீட்டை வைத்துக்கொள்வோம்: ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் நதியின் மேல்பகுதியில் இருக்கும் கெல்ம்ஸ்காட் மேனர். 1600ஐ ஒட்டிக் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு அது. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் அதைக் குத்தகைக்கு எடுத்ததால் உலகப் புகழ் பெற்றது.

யார் கட்டிய வீடு?

பெயரில் ‘மேனர்’ (பிரபுவின் மாளிகை) இருந்தாலும் கெல்ம்ஸ்காட்டை எந்தப் பிரபுவும் கட்டவில்லை. டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டியது. மேனர் என்ற பட்டம் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. இப்படிச் சொந்த நிலம் வைத்துப் பயிரும் மந்தையும் பார்த்த, பிரபுக்களுக்குக் கீழே கூலிக்காரர்களுக்கு மேலே இருந்த வசதியான விவசாயிகளை யோமன் என்பார்கள். ஐசக் நியூட்டன் பிறந்த லிங்கன்ஷயர் வூல்ஸ்தோர்ப் வீடும் இதே வகைதான். அதற்கும் மேனர் என்றுதான் பெயர். ஆனால் நியூட்டனின் அப்பா தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத யோமன்.

1570 முதல் 1640 வரையிலான காலத்தில் இந்த யோமன் குடும்பங்கள் கைக்கு வந்த காசை வீட்டில் போட்டன. விளைபொருள் விலையும் கம்பளி விலையும் ஏறின. குத்தகையோ பல இடங்களில் பழைய மட்டத்திலேயே நின்றது. மிஞ்சிய பணத்தில் பழைய மரவீட்டையும் மண்வீட்டையும் இடித்துவிட்டுக் கல்லில் கட்டினார்கள். இதற்கு ‘பெரும் மறுகட்டுமானம்’ என்று 1953இல் பெயர் சூட்டியவர் வரலாற்றாளர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ். வடக்கே யார்க்‌ஷயர், கம்ப்ரியா பக்கம் இந்த அலை சற்றுப் பிந்தி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் உச்சத்துக்கு வந்தது.

என்ன கல் என்பதை நிலம்தான் முடிவுசெய்தது. மாட்டுவண்டியில் கல்லைப் பத்து மைல் இழுத்துவருவதற்குள் கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும். அதனால் காலடியில் என்ன கிடைத்ததோ அதுவே வீடானது. தெற்கே டார்செட்டில் தொடங்கி காட்ஸ்வோல்ட்ஸ், நார்த்தாம்டன்ஷயர், லிங்கன்ஷயர் வழியாக யார்க்‌ஷயர் வரை ஒரு சுண்ணாம்புக்கல் பட்டை ஓடுகிறது. தேன் நிறத்து வீடுகளெல்லாம் அந்தப் பட்டையின் மேல்தான் நிற்கின்றன. வட இங்கிலாந்தின் பென்னைன் மலைகளில் கரடுமுரடான மணற்கல், வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்டில் பலகைக்கல், தென்மேற்கே டார்ட்மூரில் கிரானைட்.

சுவருக்குள்ளே என்ன இருக்கிறது

அரை மீட்டருக்கு மேல் கனமுள்ள சுவரைப் பார்த்தால் உள்ளே வரை கல் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் உடைகல், சில்லு, மண், சுண்ணாம்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு நிரப்பினார்கள். அதாவது ஒரு சுவர் என்று நாம் நினைப்பது இரண்டு மெல்லிய சுவர்களும் நடுவே ஒரு திணிப்பும்.

இரண்டும் பிரிந்து வெளியே பிதுங்காமல் இருக்க, இடையிடையே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைத்து இரு பக்கத்தையும் பிடித்துக் கட்டினார்கள். இதுதான் ஊடுகல். வட இங்கிலாந்தின் தொழுவங்களில் இதன் முனைகள் சுவருக்கு வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வீடுகளில் பெரும்பாலும் முனையைச் செதுக்கிச் சமப்படுத்திவிடுவார்கள். வீட்டின் மூலைகளில் மட்டும் நன்கு சதுரமாகச் செதுக்கிய பெரிய கற்கள், ஒன்று நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என மாறி மாறி ஏறும். இவை மூலைக்கற்கள். அழகுக்கு வைத்ததுபோலத் தெரியும், ஆனால் இரண்டு சுவர்களையும் சேரும் இடத்தில் பூட்டி வைப்பது இவைதான்.

இந்தக் கற்களுக்கு நடுவே இருக்கும் கலவை சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு இது மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக இறுகும். இறுகின பிறகும் ஒப்பீட்டளவில் மென்மையானது, நுண்துளைகள் உள்ளது. வீட்டின் உயிர் இந்த இரண்டு குணங்களில்தான் இருக்கிறது.

மழை உள்ளே வரும், வெளியே போகும்

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நீர் சுவரின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. அதே பானைக்கு வெளியே பெயின்ட் அடித்தால் கசிவது நிற்கும், ஆவியாவதும் நிற்கும், ஈரம் பானையின் உடம்பிலேயே தங்கும்.

கல் சுவரிலும் நடப்பது இதுவேதான். மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கும் தூறலைச் சுவர் கொஞ்சம் குடித்துக்கொள்கிறது. தரையிலிருந்தும் ஈரம் சற்று ஏறுகிறது. கனமான சுவர் என்பதால் அந்த ஈரம் உட்புறத்தை எட்டுவதற்குள் மழை விட்டு, காற்று வீசி, ஈரம் வந்த வழியே ஆவியாகிவிடுகிறது. இதில் பெரும்பகுதி ஆவியாகும் இடம் கல் அல்ல, கற்களுக்கு நடுவே ஓடும் காரை. கல்லைவிடக் காரைக்குத் துளை அதிகம். அப்புறம், உறைபனி வந்தாலும் உப்பு பூத்தாலும் முதலில் உதிர்வது காரைதான். நூறு ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தால் போதும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. காரை தன்னைக் கொடுத்துக் கல்லைக் காப்பாற்றும்படி அமைந்த ஏற்பாடு இது.

இங்கேதான் சிமென்ட் வந்து குட்டையைக் குழப்பியது. லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். 20ஆம் நூற்றாண்டில் அது எங்கும் மலிவாகக் கிடைத்தபோது, உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு சிமென்ட்டை அப்பினார்கள். கெட்டியானது, சீக்கிரம் இறுகுவது, இனி நூறு வருடம் கவலை இல்லை என்று நினைத்தார்கள். விளைவு நேர்மாறு. இணைப்பு வழியாக வெளியேற முடியாத ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் கல்லுக்குள் தங்கிய நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். சில வருடம் கழித்துப் பார்த்தால் சிமென்ட் கோடுகள் மட்டும் ஒரு கூண்டுபோல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கல் உள்வாங்கிப் போயிருக்கும். இந்தக் காட்சியை இங்கிலாந்துக் கிராமங்களில் தேட வேண்டியதில்லை, நடந்தாலே கண்ணில் படும்.

இன்னொரு தவறும் இதோடு சேர்ந்தது. பழைய கல் வீடு என்றால் கல் வெளியே தெரிய வேண்டும் என்று இன்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஒழுங்கற்ற உடைகல்லால் எழுப்பிய சுவர்கள் பலவற்றுக்கு அந்தக் காலத்திலேயே சுண்ணாம்புப் பூச்சோ வெள்ளையோ இருந்தது. மழை மிகுந்த லேக் டிஸ்ட்ரிக்டில் பண்ணை வீடுகள் வெள்ளையாக நிற்பது இதனால்தான். கெல்ம்ஸ்காட்டிலேயே பின்னால் சேர்த்த பகுதியின் சுவரில் மெல்லிய பூச்சு உண்டு, வெயிலிலும் மழையிலும் அது கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டது. பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டுவது 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பாளர்களின் மோகம். அதை எதிர்த்து 1877இல் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கு ‘சுரண்டுதல் எதிர்ப்பு’ என்றே செல்லப்பெயர் விழுந்தது. சங்கம் இன்றும் இயங்குகிறது, இன்றும் சுண்ணாம்புக் காரைக்காக வாதாடுகிறது.

சுருக்கமாகச் சொன்னால்: சுவர் இரண்டு தோலும் ஒரு திணிப்பும். அது மழையைத் தடுப்பதில்லை, வாங்கி வைத்து வெளியே விடுகிறது. அந்த வேலையைச் செய்வது மென்மையான சுண்ணாம்புக் காரை. கல்லைவிடக் கெட்டியான எதையும் இணைப்பில் வைக்கக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது.

கூரை ஏன் இவ்வளவு செங்குத்து?

காட்ஸ்வோல்ட்ஸ் வீடுகளின் கூரை ஏறக்குறைய 50 டிகிரிக்கு மேல் செங்குத்தாக ஏறும். பென்னைன் மலைப்பக்கத்து வீடுகளின் கூரையோ 30 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, தாழ்வாகப் படுத்திருக்கும். வட்டார ரசனை வேறு என்று இதை விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல்லைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது. பென்னைன் மணற்கல் பெரிய பெரிய பலகைகளாகப் பிளக்கும். பலகை பெரிதானால் இணைப்புகள் குறைவு, தண்ணீர் நுழைய வாய்ப்பும் குறைவு. கனமோ அதிகம், செங்குத்தாக வைத்தால் சறுக்கும். காட்ஸ்வோல்ட்ஸ் சுண்ணாம்புக்கல் சின்னச் சின்ன வில்லைகளாகத்தான் பிளக்கும், நீரையும் உறிஞ்சும். அதனால் மழை நின்று யோசிக்க நேரம் கொடுக்காமல் உடனே ஓடிவிடும்படி கூரையைச் சரித்தார்கள்.

இந்த வில்லைகளைப் பிளந்த விதம் கேட்டால் யாருக்கும் பிடிக்கும். கெல்ம்ஸ்காட் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலேயே ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊர் இதற்குப் பேர்போனது. இலையுதிர்காலத்தில் சுரங்கத்திலிருந்து கல்லைத் தோண்டியெடுத்து, காய்ந்துவிடாமல் ஈரமாகவே மூடி வைப்பார்கள். கடும் உறைபனி இறங்கும் இரவில் தேவாலய மணி அடிக்கும். ஊரார் எழுந்து ஓடிக் கல்லைத் திறந்து பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். கல்லடுக்குகளுக்கு நடுவே இருக்கும் நீர் உறைந்து விரிந்து அடுக்குகளைப் பிரித்துவிடும். பிறகு சுத்தியலால் தட்டினால் வில்லை வில்லையாகக் கழன்றுவரும். சுவருக்கு எமனாக வரும் அதே உறைபனியைக் கூரைக்கு வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள். சுரங்கத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. போகிற போக்கில் ஒன்று: உலகில் முதன்முதலில் அறிவியல் பெயர் பெற்ற டைனோசரான மெகலோசாரஸின் எலும்புகள் இந்தச் சுரங்கங்களில் கிடைத்தவைதான். பெயர் சூட்டிய ஆண்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1824.

பிளந்த வில்லைகள் ஒரே அளவில் வராது. அதை ஒரு வசதியாக்கிக்கொண்டார்கள் கூரைக்காரர்கள். மிகப் பெரியவற்றை இறவாரத்தில் வைத்து, மேலே ஏற ஏறச் சிறியதாக்கி, முகட்டருகே உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்து முடித்தார்கள். மழைநீர் அதிகம் சேரும் கீழ்ப்பகுதியில் இணைப்புகள் குறைவாகவும், கனமான வில்லைகள் சுவரின் தலைமேலேயும் இருக்கும். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு துளை, துளையில் ஒரு ஓக் மர முளை. அந்த முளையில்தான் வில்லை ரீப்பர் கட்டையில் தொங்குகிறது. கெல்ம்ஸ்காட்டின் கூரையில் இந்த அளவு வரிசை தெளிவாகத் தெரியும். மோரிஸ் அந்த வீட்டில் மிகவும் ரசித்தவற்றில் அதுவும் ஒன்று. பத்தடிக்குப் பத்தடிக் கூரை ஏறக்குறைய ஒரு டன் எடை. சில பழைய கூரைகளின் முகடு நடுவில் தொய்ந்து வளைந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

புகைக்கு வழி பிறந்ததும் மாடி வந்தது

இடைக்கால வீட்டின் நடுவில் ஒரு பெரிய கூடம், அதன் தரை நடுவே திறந்த அடுப்பு. புகை கூரைவரை எழும்பி, கிடைத்த இடுக்கு வழியாக வெளியே போகும். கூரை மரங்களில் இன்றும் புகைக்கரி படிந்திருந்தால், அந்த வீட்டின் உள்ளே இப்படியொரு பழைய கூடம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த நிலையில் மாடி போடவே முடியாது, போட்டால் மாடியில் இருப்பவர் மூச்சுத் திணறிப்போவார். 16ஆம் நூற்றாண்டில் புகையை ஒரு பக்கம் ஒதுக்க மரச்சட்டத்தில் புகைக்கூடு கட்டினார்கள். அப்புறம் கல்லில் புகைபோக்கி வந்தது. புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்துக்கு மேலே பலகை பரப்பி மாடியறைகள் எழும்பின. இரண்டு மாடி, முக்கோண முகப்பு என நாம் இன்று பார்க்கும் பண்ணை வீட்டின் வடிவம் பெரும்பாலும் புகைபோக்கியால் வந்தது.

கீழ்த்தளத்தில் கணப்பு ஓர் ஆள் உள்ளே உட்காரும் அளவுக்கு விரிந்திருக்கும். அதன் வாய்க்கு மேலே சுவரைத் தாங்கும் பெரிய ஓக் உத்தரம் இருக்கும். உடைந்த கப்பலிலிருந்து எடுத்தது என்று பல வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊர்களிலும் இதே கதையைக் கேட்கலாம், நம்ப வேண்டியதில்லை. உத்தரத்தில் தெரியும் வெற்றுத் துளைகள் பழைய வீட்டு மரத்தை மறுபடி பயன்படுத்தியதால் வந்தவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கணப்பின் பக்கச் சுவரில் ஒரு சிறு மாடம் இருக்கும். உப்பும் மசாலாவும் ஈரமாகாமல் இருக்க அங்கே வைத்தார்கள். பாலும் வெண்ணெயும் வைக்கும் அறையோ வெயில் படாத வடக்குப் பக்கம், கல் தட்டுகளோடு.

ஜன்னலும் வரியும்

ஜன்னலைக் குறுக்கே பிரிக்கும் செங்குத்துக் கல் தூண்தான் மல்லியன். அகலமான ஜன்னல் வைத்தால் மேலே உள்ள சுவரைத் தாங்க வேண்டும், அதற்கு இந்தத் தூண்கள். கண்ணாடி அப்போது சிறு துண்டுகளாகத்தான் கிடைத்தது. அவற்றை ஈயப்பட்டைகளால் கோத்து ஒரு சட்டமாக்கினார்கள். ஜன்னலுக்கு மேலே கல்லில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டு இரு முனையிலும் கீழ்நோக்கித் திரும்பும். சுவரில் வழியும் மழைநீர் ஜன்னலுக்குள் விழாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும் வேலை அதற்கு.

அடைத்துவிட்ட ஜன்னல் ஒன்று கண்ணில் பட்டால் ‘ஜன்னல் வரிக்குப் பயந்து மூடியது’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வரி இருந்தது உண்மைதான், 1696 முதல் 1851 வரை. ஆனால் தொடக்கத்தில் 10 ஜன்னலுக்குக் குறைந்த வீட்டுக்கு மொத்தமாக 2 ஷில்லிங் மட்டும்தான். 1766இலிருந்துதான் 7 ஜன்னல் உள்ள வீடுகளும் கூடுதல் வரிக்குள் வந்தன. எனவே சின்னப் பண்ணை வீட்டில் அடைபட்ட ஜன்னலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: பின்னால் புகைபோக்கி வந்திருக்கும், அறையின் அமைப்பு மாறியிருக்கும். வரி தந்த நிச்சயமான தடயம் வேறொன்று. பால் அறைக்கும் பாலாடைக்கட்டி அறைக்கும் விலக்கு இருந்ததால், அந்த அறை இன்னது என்று கதவின் மேல் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது சுருக்கம்: கூரையின் சரிவைத் தீர்மானித்தது கல் பிளக்கும் விதம். மாடியைக் கொண்டுவந்தது புகைபோக்கி. ஜன்னலின் அளவைத் தீர்மானித்தது கண்ணாடியும் சுவரின் பாரமும்.

கதவுக்கு மேலே இருக்கும் ஆண்டு

வட இங்கிலாந்தில் கதவின் லிண்டல் கல்லில் ஓர் ஆண்டும் மூன்று எழுத்துகளும் செதுக்குவது வழக்கம். மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகள். கல்யாணமான ஆண்டாக இருக்கலாம், முன்பக்கத்தைப் புதுப்பித்த ஆண்டாக இருக்கலாம், வேறொரு வீட்டிலிருந்து கொண்டுவந்து பதித்த கல்லாகக்கூட இருக்கலாம். லேக் டிஸ்ட்ரிக்டில் ஓவியர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1905இல் வாங்கிய ஹில் டாப் 17ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு. அதன் சுவரிலோ அவர் பெயரின் முதலெழுத்துகளோடு 1906 என்ற ஆண்டு பதித்திருக்கிறது. பண்ணையைக் கவனித்த குடும்பத்துக்காக அவர் கட்டிச் சேர்த்த பகுதியின் ஆண்டு அது.

கணப்பருகிலும் கதவருகிலும் கூர்ந்து பார்த்தால் வேறு செதுக்கல்களும் தென்படும். கவராயத்தால் வரைந்த ஆறிதழ்ப் பூ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகள். தீயசக்தி புகைபோக்கி வழியாக நுழையாமலிருக்க என்பது பரவலான விளக்கம். எல்லாக் கீறலும் மந்திரம் அல்ல. வூல்ஸ்தோர்ப்பில் 2017இல் சிறப்பு ஒளிப்பட முறையால் கண்டுபிடித்த கீறல் ஒரு காற்றாலையின் படம். சிறுவன் நியூட்டன் கிறுக்கியது என்று நம்புகிறார்கள்.

கதகதப்பு என்ற கதை, ஓதம் என்ற நிஜம்

சரி, கனமான சுவர் குளிரைத் தடுக்காதா? கல் வெப்பத்தைத் தடுப்பதில் கெட்டிக்காரன் அல்ல, சேமிப்பதில்தான் கெட்டிக்காரன். கோடையில் பகல் வெயில் உள்ளே வந்து சேர வெகுநேரமாகும், அதனால் அறை குளுமையாக இருக்கும். குளிர்காலத்தில் கணப்பு நாள் முழுக்க எரிந்தால் சுவரும் சூடேறி நிற்கும். வார இறுதிக்கு மட்டும் வந்து ஹீட்டரைப் போடுபவருக்குச் சுவரைச் சூடேற்றவே நேரம் சரியாகப் போய்விடும். ஈரமான சுவர் வெப்பத்தை இன்னும் வேகமாகக் கடத்தும் என்பதால், கதகதப்பு வேண்டுமென்றாலும் முதலில் பார்க்க வேண்டியது ஈரத்தைத்தான்.

இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை இன்று சட்டப்படி பட்டியலிட்டுக் காக்கப்படுபவை. முதல் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என்று மூன்று படிகள் உண்டு. கெல்ம்ஸ்காட் முதல் தரம். இரண்டாம் தரம் என்றால் முகப்பை மட்டும் தொடாமலிருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. எந்தத் தரமானாலும் உட்புறமும் சேர்த்தே பாதுகாப்பு. வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்தால் அது குற்றம்.

ஓதம் ஏறிய சுவரைக் காட்டினால் துளைபோட்டு ரசாயனம் செலுத்தச் சொல்லும் நிறுவனங்கள் அங்கே நிறைய. நடுவே திணிப்பு நிரம்பிய சுவரில் அந்த ரசாயனம் ஒரு சீரான தடுப்பாகப் பரவுமென்று எதிர்பார்க்க முடியாது. பழங்கட்டடம் தெரிந்த ஆய்வாளர் முதலில் வெளியே போய் மண்ணைப் பார்ப்பார். பல தலைமுறைகள் எருவும் சரளையும் கொட்டியதில் தோட்டத்து மண் மேடாகி, பல வீடுகளில் உள்தரையைவிட உயர்ந்து, நேராகச் சுவரில் ஈரத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். அதை வெட்டித் தாழ்த்துவது, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாயைச் சரிசெய்வது, சிமென்ட்டை மெதுவாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைப்பது என்று அவர் வரிசையாகச் சொல்வார். பிறகு காத்திருக்க வேண்டும். அரை மீட்டருக்கு மேல் கனமுள்ள சுவர் காய ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகலாம், அதுவரை உள்ளே பெயின்ட் வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.